திருகாணி நான்கு

தேர்தல் தேதி அறிவித்த மறுநாள்
தெப்பக்குளம் ஸ்டேஷனில்
என் பிஸ்டலை ஒப்படைக்கப் போனேன்.
இருநூறு வருஷத்துப் பொருள்,
பஞ்சில் சுற்றி, பல்செட் வைக்கும் டப்பாவில்.

பல் டாக்டருக்கு இதெல்லாம் எதற்கு என்று
கேட்காதவர் கீழவாசலில் யாருமில்லை.
ஒருவர் என் நாற்காலியில்
வாயைத் திறந்து வைத்தபடியே கேட்டார்.

காரைக்குடியில் வாங்கியது.
நின்றுபோன கடிகாரங்களுக்கும்
கழுத்தொடிந்த பீங்கான் மயிலுக்கும் நடுவே கிடந்தது.
சீனி ராவுத்தர் தராசில் வைத்துத்தான் விலை சொன்னார்:
பித்தளைக்கு இவ்வளவு, இரும்புக்கு இவ்வளவு,
அக்ரூட் மரப்பிடி சும்மா.

அன்றிரவு நோயாளிகள் போனபின்
வாய்க்குள் விடும் சின்னக் கண்ணாடியைக்
குழலுக்குள் விட்டுப் பார்த்தேன்.
துரு, ஒரு சிலந்திக்கூடு,
அவற்றுக்கு அடியில்
நூல் பிடித்தாற்போல் ஓடும் இரும்பு.

வெளித்தகட்டில் சீமைக்காரன் பெயர்
கொடிகொடியாய்ச் சுருண்டிருந்தது.
உள்ளே, கழற்றினால் மட்டும் தெரியும் இடத்தில்,
எஃகு வில்லின் முதுகில்
உளியால் கொத்திய ஒரு ௪.
ஊர் இல்லை, பேர் இல்லை.
ஒடிந்த வில்லுக்கு மாற்று அடித்த எவனோ.
திண்டுக்கல் பூட்டுப் பட்டறைக்காரன் என்று
நினைத்துக்கொள்கிறேன், சாட்சி கிடையாது.
வைக்கோல் நிறம் கடந்து நீலம் தொடும் நொடியில்
நெருப்பிலிருந்து எடுக்கத் தெரிந்தவன்.
முந்தினால் ஒடியும், பிந்தினால் துவளும்.
யாரை யார் சுடுவதற்கு என்று கேட்டிருப்பானா?
கூலியைக் கேட்டிருப்பான்.

ஏட்டம்மா வேலுத்தாய் பதிவேட்டைத் திறந்தார்.
"சுடுமா?"
"சுடாது."
"தோட்டா?"
"அந்தக் காலத்தில் முதலில் மருந்தைக் கிடித்து,
அப்புறம் ஈயக் குண்டை..."
"தோட்டா இல்லைன்னு போட்டுக்கிறேன்."

பிறகு கட்டைவிரலால்
கல் கவ்விய சுத்தியைப் பின்னுக்கு இழுத்தார்.
ஒரு சொடுக்கு.
கொஞ்சம் விட்டு இன்னொன்று, அடித்தொண்டையிலிருந்து.
லாக்கப்பில் தூங்கிய ஆள் எழுந்து உட்கார்ந்தான்.
"விட்டுடாதீங்க, கல் உடைஞ்சிரும்" என்றேன்.
விடவில்லை. மெல்ல இறக்கி
ட்யூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பார்த்தார்.
"நாலு திருகாணி.
மூணோட வெட்டும் குழல் போற திசையிலேயே போகுது.
இது மட்டும் கோணல். யாரு கழட்டுனது?"

எனக்குக் காது சுட்டது.
எட்டு வருஷமாக என் மேசையில் இருக்கிறது.
கழற்றி மாட்டியவன் நானேதான்.
மரம் விண்டுவிடுமோ என்று
கடைசிக் கால் சுற்றை விட்டுவைத்திருந்தேன்.
செய்தவனோ ஒவ்வொரு திருகையும்
முறுக்கி, பார்த்து, கழற்றி,
தலைக்கு அடியில் ஒரு இழுப்பு அரம் போட்டு,
மறுபடி முறுக்கி, மறுபடி பார்த்து
நான்கையும் ஒரே திசையில் நிறுத்தியிருக்கிறான்.
அதனால் எந்தக் குண்டும் நேராகப் போகாது.

எப்படிக் கவனித்தீர்கள் என்றேன்.
"கண்ணுல உறுத்துது சார், வேற என்ன."
ரசீதில் எழுதினார்:
கைத்துப்பாக்கி 1. தோட்டா இல்லை.
திருகாணி 4, ஒன்று கோணல்.

ஓட்டு எண்ணி முடிந்த மூன்றாம் நாள் திரும்ப வாங்கினேன்.
வாசலிலேயே அரக்கு சீலை உடைத்து
வெயிலில் திருப்பினேன்.
நான்கும் நேர்.
நான்காவதன் வெட்டில் மட்டும்
பளிச்சென்று ஒரு புதுக் கீறல்,
ஒரு ரூபாய்க் காசின் விளிம்பு அகலத்துக்கு.

ஏட்டம்மாவுக்கு அன்று
அழகர்கோவில் பக்கம் பந்தோபஸ்து.
திட்டுவதா, கும்பிடுவதா என்று தெரியாமல்
தெப்பக்குளத்தை பைக்கில் இரண்டு சுற்று சுற்றினேன்.

பல்லுக்குப் போடும் மெருகுத்தூள் என்னிடம் உண்டு.
அரை நிமிஷ வேலை.
போடவில்லை.
நோட்டில், அந்தப் பக்கத்தில்,
சீமைக்காரன் பெயருக்கும் ௪-க்கும் கீழே
'கீறல், தெப்பக்குளம், வேலுத்தாய்' என்று எழுதி
வருஷத்தையும் போட்டேன்.